பகலில் மின்மினி தேடிய ஆய்வு

கோலசிலாங்கூருக்குப் போனவர்கள் கம்போங் குவாந்தானை மறந்திருக்க மாட்டார்கள். இருட்டிய பிறகு சிறு படகில் ஏறி, சிலாங்கூர் ஆற்றோரம் நிற்கும் பெரெம்பாங் மரங்களை நெருங்கினால், மரம் முழுக்க மின்மினிகள் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு ஒளிர்வதைப் பார்க்கலாம்.

இப்போது ஒரு கற்பனை. ஒருவர் நண்பகல் 12 மணிக்கு அதே படகில் போகிறார். நூறு மரங்களைக் கவனமாகப் பார்க்கிறார். 98 மரங்களில் ஒளி எதுவும் தெரியவில்லை. கரைக்குத் திரும்பி, "98 விழுக்காட்டு மரங்களில் மின்மினி இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை" என்று எழுதி வைக்கிறார். அவர் எழுதியதில் பொய் இல்லை. உண்மையாகவே பார்த்தார், உண்மையாகவே எண்ணினார். ஆனால் அதைப் படித்த இன்னொருவர், "கம்போங் குவாந்தானில் மின்மினியே கிடையாதாம், ஆய்வு சொல்கிறது" என்று நாலு பேருக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும்?

கோவிட்-19 பெருந்தொற்றின்போது "வீட்டிலேயே இருங்கள்" என்ற கட்டுப்பாடு பற்றி வந்த ஓர் ஆய்வுக்குக் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. அந்த ஆய்வை இன்று பிரித்துப் பார்ப்போம். ஒரு பழைய கட்டுரையைக் குறை சொல்வது நம் நோக்கமில்லை. அடுத்த பெருந்தொற்று வரும்போது இதே மாதிரிச் செய்திகள் உங்கள் கைப்பேசிக்கு மறுபடியும் வரும். அப்போது எதை நம்புவது, எதை ஒதுக்குவது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

3,741 ஒப்பீடுகள்

2021 மார்ச் 5ஆம் தேதி, 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' என்ற ஆய்விதழில் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் நால்வரின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. முதல் பெயர் ரிக்கார்டோ சவாரிஸ். உலகின் 87 நாடுகளையும் வட்டாரங்களையும் எடுத்துக்கொண்டு அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: மக்கள் வீட்டில் கூடுதல் நேரம் இருந்த இடங்களில் கோவிட் மரணங்கள் குறைந்தனவா?

வீட்டில் இருந்த நேரத்துக்கு, கைப்பேசிகளின் இருப்பிடத்தை வைத்து கூகுள் வெளியிட்ட நடமாட்ட அறிக்கையைப் பயன்படுத்தினார்கள். மரணங்களுக்குப் பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்ற கணக்கை எடுத்தார்கள். பிறகு 87 இடங்களையும் இரண்டிரண்டாக இணைத்து, ஒவ்வோர் இணையிலும் இரு இடங்களுக்கிடையிலான வேறுபாடுகளை ஒப்பிட்டார்கள். மொத்தம் 3,741 ஒப்பீடுகள். அவற்றுள் 63இல் மட்டுமே, அதாவது 1.6 விழுக்காட்டில் மட்டுமே, குறிப்பிடத்தக்க தொடர்பு தெரிந்தது. ஏறக்குறைய 98 விழுக்காட்டு ஒப்பீடுகளில், வீட்டில் இருந்ததால் மரணம் குறைந்தது என்று காட்ட முடியவில்லை என்று முடித்தார்கள்.

"காட்ட முடியவில்லை" என்ற சொல் பரவும்போது "பயனில்லை" என்று மாறியது. உலகின் பல மொழிகளில், கட்டுப்பாடுகளை எதிர்த்தவர்களின் கையில் இந்த ஆய்வு ஓர் ஆயுதமாயிற்று. ஒன்பது மாதங்கள் கழித்து, 2021 டிசம்பரில், அதே ஆய்விதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கட்டுரையின் முடிவுகளுக்கு அதன் முறை ஆதாரமாக நிற்கவில்லை என்பதே காரணம். ஆனால் திரும்பப் பெற்ற செய்தி, முதல் செய்தி போன இடங்களுக்கெல்லாம் போய்ச் சேரவில்லை. புலனக் குழுவில் பகிர்ந்தவர் யாரும் "நான் அன்றைக்கு அனுப்பியது தவறு" என்று மறுபடி அனுப்புவதில்லை.

நமக்கு ஏன் இந்த அக்கறை?

2020 மார்ச் 18ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதன் விலையை எல்லாரும் ஒரே அளவில் கொடுக்கவில்லை. அலுவலக வேலையில் இருந்தவர் மடிக்கணினியோடு வீட்டில் உட்கார்ந்தார். நாள் கூலிக்குப் போனவருக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. இணையம் எட்டாத இடங்களில் பிள்ளைகளின் படிப்பு நின்றது. தாய் தகப்பனின் கடைசிக் காரியத்துக்குக்கூட மாநிலம் தாண்டிப் போக முடியாமல் தவித்தவர்கள் உண்டு. 2021 ஜூலையில் உதவி வேண்டும் வீடுகள் வெள்ளைக் கொடி கட்டியதை நாம் மறக்கவில்லை.

ஆகவே, "அத்தனையும் வீண்" என்று ஒருவர் சொன்னால் அது சாதாரணப் பேச்சில்லை. "அத்தனையும் பலன் தந்தது, கேள்வி கேட்காதே" என்று இன்னொருவர் சொன்னாலும் அப்படித்தான். விலை கொடுத்தவர்களுக்குச் சரியான கணக்கைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. அந்தக் கணக்கைச் சரிபார்க்க ஐந்து கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: எதை அளந்தார்கள்?

வீட்டில் இருப்பது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஆனால் கூகுள் அளந்தது மனிதர்களை அன்று, கைப்பேசிகளை. அதிலும், இருப்பிடப் பதிவை அனுமதித்தவர்களின் கைப்பேசிகளை மட்டும்.

அந்த அளவும் நேரடியான மணிக்கணக்கு இல்லை. 2020 ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரையிலான ஐந்து வாரங்களை வழக்கமான காலம் என்று வைத்துக்கொண்டு, அதைவிட எத்தனை விழுக்காடு கூடியது அல்லது குறைந்தது என்று காட்டும் கணக்கு அது. நமக்கு அந்த ஐந்து வாரத்துக்குள் சீனப் புத்தாண்டு வந்தது. நடு மதிப்பை எடுத்ததால் அதன் பாதிப்பு குறையும் என்றாலும், ஒரு நாட்டின் வழக்கமான வாரம் இன்னொரு நாட்டில் பண்டிகை வாரமாக இருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்று. ஒருவர் சாதாரணமாகவே நாளில் 16 மணி நேரம் வீட்டில் இருப்பவர் என்றால், இரவு பகலாக வெளியே போகாமல் இருந்தாலும் அவருடைய கணக்கு 50 விழுக்காடுதான் கூட முடியும். ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தானே! அதனால் இந்த அளவுகோலில் பெரிய மாற்றமும் சின்ன எண்ணாகத்தான் தெரியும்.

இரண்டாம் கேள்வி: யாருடைய சராசரி?

பெட்டாலிங் ஜெயாவும் சிலாங்கூர்தான். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் எல்லாமும் சிலாங்கூர்தான். மாநிலம் முழுமைக்கும் ஒரே எண் என்றால், அந்த எண் யாருடையது?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனைதான். நூறு கைப்பேசிகளில் 70 நகரத்தில், 30 வட சிலாங்கூர் தோட்டப்புறத்தில் என்று வைத்துக்கொள்வோம். நகரத்தார் வீட்டில் இருந்த நேரம் 25 விழுக்காடு கூடியது. செம்பனைத் தோட்டங்களும் ஆலைகளும் நிபந்தனைகளோடு இயங்க அனுமதி பெற்றதால், தோட்டத்தில் 5 விழுக்காடுதான் கூடியது. மொத்தச் சராசரி 19 விழுக்காடு. நகரத்துக்கும் அது பொருந்தவில்லை, தோட்டத்துக்கும் பொருந்தவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், குலை வெட்டி, மாலையில் லயன் வீட்டுக்குத் திரும்பியவரின் வாழ்க்கை அந்த 19இல் எங்கே இருக்கிறது?

'வீடு' என்ற சொல்லும் எல்லாருக்கும் ஒன்றில்லை. 2020 நவம்பரில் கிள்ளானில் வெடித்த தெராத்தாய் தொற்றுத் திரளை நினைத்துப் பாருங்கள். கையுறைத் தொழிற்சாலை ஊழியர்கள் நெருக்கமாகத் தங்கியிருந்த விடுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்று பரவியது. ஓர் அறையில் பலர் படுத்துறங்கும் இடத்தில் இருப்பதும், தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதும் கைப்பேசிக் கணக்கில் 'வீடு' என்றே பதிவாகும். கிருமிக்கோ அவை இரண்டும் வெவ்வேறு இடங்கள்.

கூட்டத்தின் சராசரியை எடுத்துத் தனி மனிதர்மேல் ஏற்றிச் சொல்வது ஆய்வுகளில் அடிக்கடி நேரும் பிழை. நாட்டுக்கு நாடு ஒப்பிடும் எந்த ஆய்வைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

மூன்றாம் கேள்வி: எது முந்தி, எது பிந்தி?

மழை நாளில் எல்லார் கையிலும் குடை இருக்கிறது. குடை பிடித்ததால்தான் மழை வந்தது என்று நாம் சொல்வதில்லை. தொற்றிலும் இதே சிக்கல் உண்டு. மரணங்கள் கூடும்போது அரசு கட்டுப்பாட்டை இறுக்குகிறது. ஆணை வருவதற்கு முன்பே மக்களும் பயந்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அதனால் மரணம் கூடுவதும் வீட்டில் இருப்பது கூடுவதும் ஒன்றாகவே தெரியும். கட்டுப்பாடு உண்மையில் உதவியிருந்தாலும், மேலோட்டமான ஒப்பீட்டில் அது உதவாதது போலவோ, கெடுதல் செய்தது போலவோ தோன்றும்.

நம் நாட்டு எண்களையே பாருங்கள். 2021 ஜூன் 1இல் முழு முடக்கம் தொடங்கியது. ஜூலை தொடக்கத்தில் சிலாங்கூரின் பெரும்பாலான பகுதிகளில் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாடு வந்தது. ஆனால் ஜூலை 13இல் அன்றாடத் தொற்று முதன்முறையாக 10,000ஐத் தாண்டியது. ஆகஸ்ட் 26இல் 24,599 ஆனது. "அடைத்து வைத்தார்கள், ஏறத்தானே செய்தது?" என்று கேட்பது இயல்பு. ஆனால் அதே மாதங்களில் வேகமாகப் பரவும் டெல்டா வகை வந்துவிட்டது. தொழிற்சாலைகள் பலவும் இயங்கின. கட்டுப்பாடு இல்லாதிருந்தால் எண் எங்கே போயிருக்கும் என்பதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. சரியான ஒப்பீடு ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் இல்லை. நடந்த ஆகஸ்டுக்கும் நடக்காத ஆகஸ்டுக்கும் இடையில்தான்.

பிறகு தொற்று இறங்கியதே, அது கட்டுப்பாட்டின் வெற்றியா? அப்படியும் சட்டென்று சொல்லிவிட முடியாது. அதே நேரத்தில் தடுப்பூசி போடுவது கிள்ளான் பள்ளத்தாக்கில் முடுக்கிவிடப்பட்டது. ஏற்றத்தைக் கட்டுப்பாட்டின் தலையில் கட்டுவது தவறென்றால், இறக்கத்தை முழுதாக அதன் கணக்கில் சேர்ப்பதும் தவறுதான்.

தேதியிலும் கவனம் வேண்டும். இன்று தொற்று கண்டவர் சில நாள் கழித்துக் காய்ச்சலில் விழுகிறார்; இறக்க நேர்ந்தால், அது பெரும்பாலும் வாரங்கள் கழித்தே. 2021 செப்டம்பர் 11இல் நம் நாட்டில் 592 மரணங்கள் அறிவிக்கப்பட்டன. அத்தனை பேரும் அன்றைக்கு இறந்தவர்கள் இல்லை. முன்பே நிகழ்ந்து, தாமதமாகப் பதிவான மரணங்களும் அதில் சேர்ந்திருந்தன. அறிவித்த தேதியை இறந்த தேதி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விடை கோணலாகத்தான் வரும்.

நான்காம் கேள்வி: கணக்கு முறை பொருந்துகிறதா?

தொற்று வட்டிக்கு வட்டி போலக் குட்டி போடும். ஒரு தோட்டத்தில் நான்கு பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை இரட்டிப்பானால் 8, 16, 32, 64 என்று போகும். கட்டுப்பாட்டால் அது நான்கிலேயே நின்றுவிட்டால், முதல் வாரம் தப்பியவர்கள் 4 பேர். இரண்டாம் வாரம் 12. மூன்றாம் வாரம் 28. நான்காம் வாரம் 60. கட்டுப்பாடு ஒன்றேதான், பலன் மட்டும் வாரத்துக்கு வாரம் வேறு. "வீட்டில் இருப்பது இவ்வளவு கூடினால் மரணம் இவ்வளவு குறையும்" என்று நேர்க்கோடு போட்டுத் தேடினால் இந்தப் பலன் கோட்டில் ஒட்டாது.

3,741 என்ற எண்ணையும் பார்ப்போம். கேட்டதும் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் 87 பேர் ஒருவரோடொருவர் கைகுலுக்கினால் 3,741 கைகுலுக்கல்கள் வரும். மண்டபத்தில் இருப்பவர்கள் அப்போதும் 87 பேர்தான். பொருளாதார ஆய்வாளர் கார்லோஸ் கோயிஸ் இதைக் கணித வழியில் காட்டினார். இணை இணையாக ஒப்பிட்டுக் கிடைக்கும் விடைகள், அந்தந்த இடத்தின் தனி விடைகளை எடைபோட்டுச் சேர்த்த சராசரிகளே. எத்தனை ஆயிரம் இணைகளைச் சேர்த்தாலும் புதிய தகவல் ஏதும் ஊறிவிடாது.

ஐந்தாம் கேள்வி: இருந்திருந்தால் தெரிந்திருக்குமா?

ஐந்தில் இதுதான் முக்கியம். மின்மினி தேடிய நண்பரிடம் நாம் என்ன கேட்போம்? "மின்மினி நிச்சயம் இருக்கும் இடத்தில் உங்கள் முறையைச் சோதித்தீர்களா? அங்கேயும் நண்பகலில் போனால் தெரிகிறதா?" என்றுதான் கேட்போம். அங்கேயும் தெரியவில்லை என்றால், கோளாறு மரத்தில் இல்லை, பார்த்த நேரத்தில்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிடியன் மேயரோவிட்ஸ்-காட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் பிரேசில் ஆய்வின் முறையை இப்படித்தான் சோதித்தார்கள். வீட்டில் இருப்பது மரணத்தைக் குறைக்கும் என்று தாங்களே விதி வைத்து, செயற்கைத் தரவுகளை உருவாக்கினார்கள். விடை முன்கூட்டியே தெரிந்த தரவு அது. அதை அந்த முறைக்குள் செலுத்தினார்கள். தாங்களே உள்ளே வைத்த விளைவை அந்த முறையால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதற்குப் பிறகு 98 விழுக்காடு என்ற எண்ணுக்கு என்ன பொருள்? வீட்டில் இருந்ததால் பயனில்லை என்று அது சொல்லவில்லை. பயன் இருந்ததா இல்லையா என்று சொல்லும் திறன் அந்த முறைக்கு இல்லை, அவ்வளவுதான். கோயிஸின் கட்டுரையும் மேயரோவிட்ஸ்-காட்ஸ் குழுவின் கட்டுரையும் அதே ஆய்விதழில் வெளியாயின. மூலக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஓர் ஆய்வு திரும்பப் பெறப்பட்டால், அதன் எதிர்க்கட்சி வென்றுவிட்டது என்று பொருளில்லை. நண்பகல் ஆய்வைத் தள்ளிவிட்டதால் எத்தனை மின்மினி இருக்கிறது என்பது தெரிந்துவிடாது. அதற்கு இருட்டிய பிறகு மறுபடி போய்த்தான் எண்ண வேண்டும்.

மறுபக்கத்துக்கும் அதே தராசு

கட்டுப்பாட்டை ஆதரித்த ஆய்வுகளையும் இதே கேள்விகளால் உரசிப் பார்க்க வேண்டும். 2020 ஜூனில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 11 ஐரோப்பிய நாடுகளில் கட்டுப்பாடுகளால் ஏறக்குறைய 31 லட்சம் மரணங்கள் தவிர்க்கப்பட்டன என்பது அதன் மதிப்பீடு. அதுவும் உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது.

ஆனால் அந்த மதிப்பீட்டின் மறுபக்கத்தில் நிற்பது, கட்டுப்பாடு இல்லாவிட்டால் மக்கள் வழக்கம்போலவே நடமாடிக்கொண்டிருப்பார்கள் என்ற கற்பனை உலகம். பக்கத்து வீட்டில் மரணம் விழுவதைப் பார்த்த எவரும் அப்படி இருப்பார்களா? மேலும், பள்ளிகளை மூடியது, கூட்டங்களைத் தடுத்தது, முழு முடக்கம் எல்லாம் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்தவை. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். 2020 முடிவதற்குள் அதே 'நேச்சர்' இதழில் இதைச் சுட்டிக்காட்டிய விமர்சனமும் வந்தது. நமக்குப் பிடித்த விடையைத் தந்தது என்பதற்காக ஓர் ஆய்வைக் கேள்வி கேட்காமல் விட்டால், நாமும் நண்பகலில் படகேறியவர்தான்.

அப்படியானால் இன்று எந்த அளவுக்குத் தெரியும்? பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2023 ஆகஸ்டில் பல ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை தந்தது. முகக்கவசம், இடைவெளி, வீட்டில் இருத்தல் போன்ற கட்டுப்பாடுகளை ஒன்றாகச் சேர்த்து உறுதியாகப் பயன்படுத்தியபோது தொற்றுப் பரவல் குறைந்தது என்பது அதன் முடிவு. பெரும்பாலான சான்றுகள் சோதனை வழியில் கிடைத்தவை இல்லை. நடந்ததைப் பார்த்து எழுதியவை என்பதையும் அது ஒத்துக்கொண்டது. அந்தக் கட்டுப்பாடுகளுக்குக் கொடுத்த பொருளாதார விலையையும் சமூக விலையையும் அது எடைபோடவில்லை.

இங்கே இரண்டு கேள்விகள் கலந்துவிடக் கூடாது. "பரவல் குறைந்ததா?" என்பது ஒன்று. "அதற்குக் கொடுத்த விலை தகுமா?" என்பது இன்னொன்று. முதலாவதற்கு அளவீடு விடை சொல்லும். இரண்டாவதற்கு, நின்றுபோன சம்பளத்தையும் நின்றுபோன படிப்பையும் கணக்கில் சேர்த்துச் சமுதாயம்தான் விடை சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கு "ஆம்" என்று வந்தால், இரண்டாவதற்கும் தானாக "ஆம்" வந்துவிடாது.

புழுங்கல் அரிசி சொன்ன பாடம்

சராசரிகளை ஒப்பிடுவதோடு நின்றுவிடாமல் மேலே போனால் என்ன கிடைக்கும்? இதற்கு நம் மண்ணிலேயே நூறாண்டுக்கு முந்திய ஒரு சான்று இருக்கிறது. அதில் தோட்டத் தமிழருக்கும் பங்குண்டு.

அந்தக் காலத்து மலாயாவில் பெரிபெரி நோய் பலரைக் கொன்றது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் நின்றுபோகும். சுரங்கங்களில் உழைத்த சீனர்களை அது வாட்டியது. தமிழர்களிடம் அரிதாகவே இருந்தது. நெகிரி செம்பிலானில் பணிசெய்த மருத்துவர் பிராடன் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசியை உண்டார்கள். தமிழர்கள் புழுங்கல் அரிசியை உண்டார்கள்.

இதுவும் கூட்டத்துக்குக் கூட்டம் ஒப்பிடும் கணக்குதான். இத்தோடு நின்றிருந்தால் எத்தனையோ தவறான முடிவுகளுக்கு வந்திருக்கலாம். இனம் காரணமா? வேலை காரணமா? வீடு காரணமா? இரண்டு கூட்டத்துக்கும் அரிசி மட்டுமா வேறுபட்டது?

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் பிளெட்சர் அடுத்த படியை எடுத்தார். 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு கூடத்துக்கு, இரட்டைப்படை எண்காரர்கள் மறு கூடத்துக்கு. ஒரு கூடத்துக்கு வெள்ளை அரிசி, மறு கூடத்துக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஒருவேளை நோய் கட்டடத்திலிருந்து வருகிறதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, நடுவில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றிப் படுக்க வைத்தார். வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு பெரிபெரி கண்டது; 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் யாருக்கும் புதிதாக நோய் வரவில்லை. 1907இல் 'லான்செட்' இதழில் இது வெளிவந்தது.

வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்த விளக்கம்.

இந்தக் கதையை வெறும் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத நோயாளிகளின்மேல் நடந்த சோதனை அது. 18 பேர் உயிரை விட்டார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. ஒரு மாவட்டத்தை அடைத்து, மறு மாவட்டத்தைக் கொள்ளைநோய்க்குத் திறந்துவிட்டுப் பார்ப்பதும் அப்படித்தான்; செய்ய முடியாது. செய்ய முடியாது என்பதால்தான், நடந்ததைப் பார்த்து எழுதும் ஆய்வுகளை இத்தனை கவனமாகச் சலிக்க வேண்டியிருக்கிறது. இனம், வேலை, வீடு, காலம் என்று பிளெட்சர் ஒவ்வொன்றாக விலக்கிய ஐயங்களை, இன்றைய ஆய்வாளர் கணக்கிலாவது விலக்கிக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கத்தரித்து வைத்துக்கொள்ள

அடுத்த முறை "ஆய்வு சொல்கிறது" என்று ஒரு செய்தி வந்தால், பகிர்வதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

1. எதை அளந்தார்கள்? மனிதரையா, கைப்பேசியையா?

2. யாருடைய சராசரி? என் தோட்டமும் என் தெருவும் அதில் தெரிகின்றனவா?

3. எது முந்தி வந்தது? அதே நேரத்தில் வேறு என்ன மாறியது?

4. கணக்கு முறை தொற்றின் போக்குக்குப் பொருந்துகிறதா? பெரிய எண் உண்மையிலேயே பெரியதா?

5. விளைவு இருந்திருந்தால், இந்த முறையில் அது தெரிந்திருக்குமா?

இவற்றோடு ஒரு சின்ன வேலையும் உண்டு. கட்டுரையின் தலைப்பை இணையத்தில் தட்டி, அது வெளிவந்த ஆய்விதழின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திரும்பப் பெறப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்திலேயே அறிவிப்பு இருக்கும். இரண்டு நிமிட வேலைதான்.

ஐந்து கேள்விக்கும் உங்களால் விடை காண முடியாமல் போகலாம். பரவாயில்லை. விடை கிடைக்காத இடத்தில் "இன்னும் தெரியவில்லை" என்று சொல்லிக்கொள்வதும் அறிவியல்தான். குழுவில் யாராவது "98 விழுக்காடு" என்று அனுப்பினால், சண்டைக்குப் போக வேண்டாம். "அண்ணே, இவர்கள் பார்த்தது பகலிலா, இரவிலா?" என்று மட்டும் கேளுங்கள்.